குன்றுக்கு வேலி, குப்பிக்கு விதி

போர்ட்லாண்ட் நகரைவிட்டுத் தென்மேற்கே 99 மேற்கு நெடுஞ்சாலையில் கிளம்பினால், முதல் அரைமணி நேரத்துக்குக் கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்கப் புறநகர்தான். கார் விற்கும் கூடங்கள், பெட்ரோல் நிலையங்கள், ஒன்றுபோல் இன்னொன்றாகக் கட்டிய வீட்டு வரிசைகள். ஷெர்வுட் என்ற ஊரோடு அது சட்டென்று அறுந்துபோகிறது. கடைசி வீட்டு வேலிக்கு அந்தப்புறம் வயல்களும் ஹேசல் கொட்டை மரங்களும் தொடங்கிவிடுகின்றன. நியூபெர்க் தாண்டி டண்டீக்குள் நுழையும்போது வலப்பக்கம் செம்மண் குன்றுகள். சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநகர வட்டாரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். வானம் தெளிந்த நாளில் கிழக்கே பனி மூடிய ஹுட் சிகரம் தெரியும். ரியல் எஸ்டேட்காரர் எவரும் பார்த்த மாத்திரத்தில் மனை போட்டு விற்க ஆசைப்படும் நிலம் இது. ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ஒயினைச் சுவைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குன்றுகள் ஏன் இன்னும் விற்றுத் தீரவில்லை?

சுற்றுலா ஏடுகள் இந்தக் கேள்விக்குள் போவதில்லை. அவை சொல்வது வீரகதை. குளிரும் மழையும் மிகுந்த இந்த மண்ணில் பீனோ நுவார் திராட்சை தேறாது என்று கலிபோர்னியா நிபுணர்கள் கைவிரித்தார்கள்; பிடிவாதக்கார இளைஞர் ஒருவர் நட்டுக் காட்டினார்; பாரிஸில் நடந்த போட்டி ஒன்றில் அவருடைய ஒயின் பிரெஞ்சுக்காரர்களைத் திகைக்கவைத்தது; மற்றதெல்லாம் வரலாறு. இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நல்ல ஒயின் எப்படி உருவானது என்பதைத்தான் அது விளக்குகிறது. ஒரு வட்டாரம் எப்படி உருவானது என்பதை விளக்குவதில்லை. நல்ல ஒயினைத் தனியாள் செய்துவிடலாம். வட்டாரத்துக்கு அது போதாது. வில்லாமெட் முன்னோடிகளின் தலையாய சாதனை அவர்கள் தயாரித்த ஒயின் அல்ல, கையில் காசு புரளாத காலத்திலேயே கூடி உட்கார்ந்து தங்களுக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள்தான் என்பது என் வாதம். நிலத்துக்கு ஒரு கட்டுப்பாடு, லேபிளுக்கு ஒன்று, அறிந்ததை ஒளிக்காமல் பகிரும் வழக்கம் ஒன்று: இந்த மூன்றும் இல்லாதிருந்தால், அந்த இளைஞரான டேவிட் லெட்டின் புகழ்பெற்ற ஒயின் ஒரு தனி அதிசயமாகவே நின்றிருக்கும்.

வந்தவர்கள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். 1961இல் ரிச்சர்ட் சாமர் தெற்கே அம்க்வா பள்ளத்தாக்கில் ஹில்கிரெஸ்ட் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1965இல் டேவிட் லெட் ஏறக்குறைய 3,000 பதியன் குச்சிகளோடு வடக்கே வந்து, கார்வாலிஸ் அருகே நாற்றங்கால் போட்டு, மறு ஆண்டு டண்டீ குன்றுகளில் நட்டார். பல் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தும் போகாமல், டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வேளாண்மை படித்தவர் அவர். ஐரி என்ற அவரது தோட்டம் காய்த்துக் காசாகும்வரை ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பாடநூல்கள் விற்று வாழ்ந்தார். அதே டேவிஸில் படித்த சார்லஸ் கூரி ஃபாரஸ்ட் குரோவ் பக்கம் நிலம் வாங்கினார். மின்னணுப் பொறியாளரான டிக் எராத், டிஸ்னிலாண்ட் ராட்டினங்களை வடிவமைப்பதில் பங்குபெற்ற டிக் போன்சி, அவர் மனைவி நான்சி, நகரத் திட்டமிடல் படித்த பில் பிளாசர், அவர் மனைவி சூசன் சோகோல் பிளாசர், டேவிட் அடல்ஷைம், ஜின்னி அடல்ஷைம் என்று அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. பரம்பரைச் சொத்தோ பெரிய வங்கிக் கடனோ இல்லாத, படித்த நடுத்தர வர்க்கம். பெரும்பாலோர் பகலில் வேறு வேலைக்குப் போய்வந்து, மாலையிலும் வார இறுதியிலும் கொடி கட்டினார்கள். தனித்து நிற்க முடியாத இந்த நிலைமைதான் அவர்களைக் கூடிச் செயல்படவைத்தது.

இந்த இடத்தில் மண்ணின் மைந்தர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். எல்லாம் மண்ணும் வானிலையும் செய்த வேலை, மனிதர்கள் வெறும் கருவிகள் என்பார்கள். மண்ணின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாதுதான். டண்டீ குன்றுகளின் சிவந்த ஜோரி மண், பழைய எரிமலைக் குழம்பு இறுகிப் பின் சிதைந்து உண்டானது; ஆழமானது, ஈரத்தைப் பிடித்துவைப்பது. மழையில் பெரும்பகுதி குளிர்காலத்தோடு முடிந்துவிடுவதால் கோடை வறண்டிருக்கும். மேற்கு மலைத்தொடரிலுள்ள வான் டியூசர் கணவாய் வழியே மாலையில் கடற்காற்று புகுந்து பழத்தைக் குளிர்விக்கும். பீனோ நுவார் மெதுவாகப் பழுத்து மணம் கூடுவதற்கு இவையெல்லாம் தோது. ஆனால் இதே மண்ணும் காற்றும் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தன. 1880களில் எர்னஸ்ட் ராய்ட்டர் ஃபாரஸ்ட் குரோவில் திராட்சை வளர்த்து ஒயின் தயாரித்தார். பின்னாளில் கூரி வாங்கியது அவருடைய குன்றைத்தான். 1916இல் ஆரிகனில் மதுவிலக்கு வந்ததும் அந்த முயற்சியெல்லாம் சுவடின்றி மறைந்தது. விலக்கு நீங்கிய பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு இங்கே பெரும்பாலும் பெர்ரிப் பழ ஒயின்தான். மண் காத்திருக்கும், தானாக எதையும் தொடங்கிவைக்காது. பிரான்சின் பர்கண்டிக்கும் வில்லாமெட்டுக்கும் ஒரே அட்சரேகை என்று விளம்பரங்கள் சொல்வதும் முழு உண்மையல்ல. டண்டீ 45 பாகையில் இருக்கிறது, பர்கண்டியின் போன் நகரம் 47 பாகையில்.

மண்ணைவிடத் தற்செயல்களின் பங்கு கூடுதல் என்றும் வாதிடலாம். 1962 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் தினப் புயல் என்று இன்றும் பேசப்படும் சூறைக்காற்று இந்தப் பகுதியின் ப்ரூன், வால்நட் தோப்புகளை வேரோடு சாய்த்தது. மீண்டும் நட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க மனமில்லாத விவசாயிகள் நிலத்தை விற்கத் தயாரானார்கள். குன்றுச் சரிவுகள் பாடநூல் விற்பவரின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மலிவான நிலம் எல்லோருக்கும்தான் மலிவு. போர்ட்லாண்ட் தெற்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. திராட்சை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, வீடு கட்டி விற்பவருக்கு அதைவிட எளிது. புயல் கதவைத் திறந்துவிட்டது என்பது சரி. யார் உள்ளே வருவது என்பதைச் சட்டம்தான் முடிவு செய்தது.

அந்தச் சட்டத்தின் பின்னணி கலிபோர்னியாவில் இருக்கிறது. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று உலகமே அறிந்த சாந்தா கிளாரா, இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை பழத்தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பேர்போன ஊர். ஒரு தலைமுறைக்குள் ப்ரூன் தோப்புகளும் திராட்சைத் தோட்டங்களும் வீடுகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் அடியில் போயின. முன்னோடிகளில் பலர் கலிபோர்னியாவில் படித்தோ வேலை பார்த்தோ வந்தவர்கள். அந்த அழிவு அவர்களுக்குச் செவிவழிச் செய்தியல்ல. 1973இல் ஆளுநர் டாம் மெக்கால் முன்னின்று செனட் மசோதா 100ஐச் சட்டமாக்கினார். பால்பண்ணை விவசாயியான செனட்டர் ஹெக்டர் மக்ஃபர்சன் அதற்காக முதன்மையாக உழைத்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு நகரும் வளர்ச்சி எல்லை வரைந்துகொள்ள வேண்டும், எல்லைக்கு வெளியே விளைநிலம் விளைநிலமாகவே இருக்கவேண்டும் என்பது சாரம். ஷெர்வுட்டில் வீடுகள் அறுந்துபோவது இந்தக் கோட்டினால்தான். ஆனால் விளைநிலம் என்றால் எது? அதிகாரிகளின் கண்ணில் பள்ளத்தாக்கின் சமதளம்தான் விளைநிலம். பனியுகத்தின் இறுதியில் மிசௌலா பெருவெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கேதான் இருக்கிறது. கோதுமை ஏறாத சரிவுகள், காட்சி அழகுக்காக வீடு கட்ட ஏற்றவையாகக் கருதப்பட்டன. திராட்சை விவசாயிகளுக்கு நேர்மாறாக, சமதளம் ஆகாது, சரிவுதான் வேண்டும். லெட், பிளாசர், அடல்ஷைம் போன்றவர்கள் யாம்ஹில் மாவட்டத் திட்டக்காரர்களிடம் மண்ணையும் உயரத்தையும் எடுத்துக்காட்டி, குன்றுகளும் விளைநிலமே என்று வாதாடினார்கள். தோட்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த காலத்தில், நடாத கொடிகளுக்காகவும் சேர்த்து இடம் பிடித்துவைத்தது அந்த வாதம்.

இது ஆரிகன் மட்டும் கண்டறிந்த உபாயம் அல்ல என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கலிபோர்னியாவின் நாபா மாவட்டம் 1968இலேயே வேளாண் காப்பு மண்டலத்தை அறிவித்துவிட்டது. ஆனால் நாபாவில் அப்போது ஒரு நூற்றாண்டு ஒயின் மரபும் பெரிய நிறுவனங்களும் காக்கப்பட வேண்டிய சொத்தாக இருந்தன. வில்லாமெட்டில் காக்க எதுவுமே இல்லை. இருந்தது ஊகம் மட்டும். அந்த ஊகத்துக்காகத் தங்கள் நிலத்தை மனையாக்கி விற்கும் உரிமையையும் அவர்கள் இழக்கத் துணிந்தார்கள் என்பதே கவனிக்கவேண்டியது. விட்டுக்கொடுத்த உரிமை சின்னதும் அல்ல. 2004இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 37ஆம் தீர்மானம், கட்டுப்பாட்டால் மதிப்பிழந்த நிலத்துக்கு இழப்பீடு தா, இல்லையேல் விதியை விலக்கு என்று அரசுக்கு நெருக்கடி கொடுத்தது. ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. 2007இல் 49ஆம் தீர்மானம் அதன் பெரும்பகுதியைத் திருப்பிப்போட்டது. திராட்சை விவசாயிகள் பலர் அதற்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தார்கள். சட்டம் ஒருமுறை எழுதிவிட்டால் தானே நின்றுவிடாது என்பதற்கு அந்த மூன்றாண்டு இழுபறியே சான்று.

டண்டீயிலிருந்து மெக்மின்வில் போகும் வழியில் எந்தச் சுவைக்கூடத்தில் நின்றாலும் குப்பியைத் திருப்பிப் பார்க்கலாம். இரண்டாவது கட்டுப்பாடு அங்கே அச்சாகியிருக்கிறது. 1970களின் அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, குப்பிக்குள் 51 விழுக்காடு பீனோ நுவார் இருந்தாலே லேபிளில் அந்தப் பெயரைப் போடலாம். சிவப்பு ஒயினைப் ‘பர்கண்டி’ என்றும் வெள்ளை ஒயினை ‘ஷாப்லி’ என்றும் விற்பது அப்போது கலிபோர்னியாவில் சர்வசாதாரணம். 1977இல் ஆரிகன் விவசாயிகளே மாநில அரசிடம் போய் எங்களுக்குக் கடுமையான விதி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். வரைவை எழுதுவதில் அடல்ஷைமுக்குப் பெரும் பங்கு. திராட்சை வகையின் பெயர் வேண்டுமானால் 90 விழுக்காடு அதுவாக இருக்கவேண்டும். கலந்து செய்யும் மரபுள்ள கபர்னே சோவின்யோனுக்கு மட்டும் அன்று விலக்கு. இடத்தின் பெயர் போட்டால் பழம் முழுவதும் அங்கே விளைந்ததாக இருக்கவேண்டும் என்றது அன்றைய விதி. ஐரோப்பிய ஊர்ப்பெயர்களை ஒட்டிக்கொள்ளக் கூடாது. விளைச்சல் கெட்ட ஆண்டில் மலிவான வெளியூர்ப் பழத்தைக் கலந்து சமாளிக்கும் வழியை இப்படி அவர்கள் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். மழை முந்திக்கொண்டு வரும் இலையுதிர்காலங்கள் உள்ள ஊரில் அது நிஜமான இழப்பு. ஆனால் ஒருவர் குப்பியில் ஏமாறும் வாடிக்கையாளர், அடுத்தவர் குப்பியையும் வாங்கமாட்டார். பெயரே இல்லாத வட்டாரத்துக்குப் பெயர் ஒன்றுதான் மூலதனம் என்பதை அவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டார்கள்.

மூன்றாவது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத கட்டுப்பாடு. 1979-80 வாக்கில் வடக்கு அம்க்வா ஆற்றங்கரையிலுள்ள ஸ்டீம்போட் விடுதியில் பீனோ நுவார் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் கூடத் தொடங்கினார்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அழைப்பில்லை. பரிசு வாங்கிய ஒயினைவிட, எங்கோ கெட்டுப்போன ஒயினைக் கொண்டுவந்து, காரணம் என்ன என்று மற்றவர்களைக் கேட்பதுதான் அங்கே மரபு. போட்டியாளர் முன் தன் குறையைத் திறந்துவைப்பது வியாபாரத்தில் அரிது. அடல்ஷைம் 1974இல் போன் நகரின் ஒயின் பள்ளியில் வேலை கற்றபோது, பர்கண்டியின் கொடி வகைகள் தங்கள் ஊரில் இருப்பவற்றிலிருந்து வேறுபடுவதைக் கவனித்தார். அவரும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் எடுத்த முயற்சியால் 1980களில் பர்கண்டியின் தீஜோன் நகர ஆய்வாளர்கள் அனுப்பிய கொடிகள் அங்கு வந்து சேர்ந்தன. அவை தனியார் சொத்தாகிவிடாமல், பல்கலைக்கழகத்தின் வழியே எல்லோருக்கும் கிடைத்தன. ஆய்வுக்கும் விளம்பரத்துக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று தங்களுக்கே வரி போட்டுக்கொள்ளவும் விவசாயிகள் சம்மதித்தார்கள்.

பாரிஸை மறந்துவிட்டீர்களே என்பது அடுத்த தடை. 1979இல் கோ-மியோ இதழ் நடத்திய ‘ஒயின் ஒலிம்பிக்’கில் 33 நாடுகளிலிருந்து 330 ஒயின்கள் கலந்துகொண்டன, ஐரியின் 1975ஆம் ஆண்டு பீனோ நுவார் தன் பிரிவில் முதல் பத்துக்குள் வந்தது. முடிவை ஏற்காத பர்கண்டி வணிகர் ரோபேர் ட்ரூவான் மறு ஆண்டு போன் நகரில் தம் உயர்ந்த ஒயின்களோடு அதை மீண்டும் மோதவிட்டார். அவருடைய 1959ஆம் ஆண்டு ஷாம்போல்-முசீன்யிக்கு அடுத்து, மயிரிழை வித்தியாசத்தில் ஐரி இரண்டாவது வந்தது. அந்த வெற்றி கதவைத் தட்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டிய பிறகு நடந்ததைப் பாருங்கள். ட்ரூவான் டண்டீ குன்றில் நிலம் வாங்கியது 1987இல். அதற்கு முந்தைய ஆண்டு அவர் மகள் வெரோனிக் இங்கே வந்து அடல்ஷைம், ஐரி, பெத்தல் ஹைட்ஸ் ஆகிய தோட்டங்களில் பயிற்சி பெற்றார். நிலம் விற்பனைக்கு வந்த செய்தியை ட்ரூவானுக்குச் சொன்னவரும் அடல்ஷைம்தான். எதிராளியாக வரக்கூடியவருக்கு வழிகாட்டிய ஊர் இது. ஏழாண்டு கழித்தும் குன்று காலியாக இருந்தது, லேபிள் நம்பத்தக்கதாக இருந்தது, அக்கம்பக்கத்தார் கைகொடுப்பவர்களாக இருந்தார்கள். போட்டியில் வென்ற ஊர்கள் உலகில் பல. வென்ற செய்தி பழசானபிறகும் முதலீடு தேடிவரும் ஊர்கள் சில.

இந்த வாதத்தின் மீது வைக்கக்கூடிய கடுமையான குறை வேறொன்று. கட்டுப்பாடுகள் போட்டவர்களுக்கே நன்மையாக முடிந்தன; மலிவு விலையில் நுழைந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்கு நிலத்தை எட்டாக்கனியாக்கிவிட்டார்கள் என்பது. இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. இன்று ஒரு பாடநூல் விற்பனையாளர் டண்டீ குன்றில் நிலம் வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. வாங்குபவர்கள் பெரிய கைகள்: கலிபோர்னியாவின் ஜாக்சன் குடும்பம், பர்கண்டியின் லூயி ஜாதோ. எராத் 2006இல் வாஷிங்டன் மாநிலத்தின் செயின்ட் மிஷெல் நிறுவனத்திடம் போனது. போன்சி 2021இல் ஷாம்பேன் குடும்பமான பொலாஞ்ஜே கைக்குப் போனது. ஆனாலும் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் அந்தப் பாடநூல் விற்பனையாளருக்கு நிலம் கிடைத்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சாந்தா கிளாராவில் இன்று யார் தோப்பு வைக்க முடிகிறது? பெரிய பணம் வந்தபிறகும் விதிகள் பல்லில்லாமல் போகவில்லை. 2018இல் ஒரு கலிபோர்னிய நிறுவனம் ஆரிகன் பழத்தை எடுத்துப்போய் அங்கே ஒயின் செய்து, வில்லாமெட்டை நினைவூட்டும் வாசகங்களோடு விற்றபோது, உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் கிளப்பிய எதிர்ப்பின் பேரில் கூட்டரசு அதிகாரிகள் லேபிள்களை மாற்றவைத்தார்கள்.

என் வாதம் தடுமாறும் இடம், அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதைவிட யார் இல்லை என்பதில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களின் நிலம். அவர்கள் ஆண்டுதோறும் புல்வெளிக்கு அளவாகத் தீயிட்டு ஓக் மரச் சமவெளியாகப் பேணிவந்தார்கள். 1855 ஒப்பந்தத்தின்கீழ் நிலம் பறிபோய், கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்குத் துரத்தப்பட்டார்கள். நிலத்துக்கு விதி எழுதியது 1973இல் தொடங்கியதல்ல என்பதை அது நினைவூட்டுகிறது. முன்னோடிகளின் படங்களில் பெரும்பாலும் கணவர்களே முன்னால் நிற்கிறார்கள்; டயானா லெட், நான்சி போன்சி, சூசன் சோகோல் பிளாசர் ஆகியோரின் உழைப்பு வெகுகாலம் அடிக்குறிப்பாகவே இருந்தது. கத்தரித்தல், கொடி கட்டுதல், அறுவடை எல்லாவற்றையும் செய்யும் கைகளில் பெரும்பாலானவை மெக்ஸிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுடையவை. 1991இல் நான்சி போன்சி உள்ளிட்ட தயாரிப்பாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து ‘சலூத்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் ஒயினை ஏலம்விட்டு அந்தப் பணத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்துதருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது கொடை. நிலத்துக்கும் லேபிளுக்கும் அவர்கள் கொடையை நம்பவில்லை, விதியைக் கேட்டார்கள்.

முன்னோடிகளை அளக்கச் சரியான கோல் இதுவென்றே தோன்றுகிறது. அமெரிக்க ஒயினில் ஆரிகனின் பங்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு. அதை வைத்து அவர்களை மாமேதைகள் என்று கொண்டாட வேண்டியதில்லை. புயலும் போட்டியும் பத்திரிகைகளும் உதவின. தனி லாபத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டால் பொது லாபம் நிலைக்கும் என்று, லாபமே இல்லாத நாளில் நம்பியது அவர்களுடைய தனித்தன்மை. மகாராஷ்டிராவின் நாசிக் முதல் சீனாவின் நிங்ஷியா வரை இன்று புதிய ஒயின் வட்டாரங்கள் முளைக்கும் இடங்களில், எந்தக் கொடி நடுவது, எந்த நிபுணரை அழைப்பது என்ற பேச்சே முன்னுக்கு நிற்கிறது. எந்த நிலத்தை விற்கக் கூடாது, எந்தப் பொய்யை லேபிளில் எழுதக் கூடாது என்ற பேச்சும் அதே நாளில் தொடங்க வேண்டும் என்பதே வில்லாமெட் தரும் பாடம். அந்த முதல் கூட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டுபவருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டால், ஆரிகன் முன்னோடிகள் செய்யத் தவறியதையும் சேர்த்து அந்த ஊர் செய்துவிடும்.